ஆங்கிலப் பாப் பாட்டை வைத்து இலக்கணமும் பேச்சும் சொல்லிக்கொடுப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

பாட்டு போட்டு ஆங்கிலம் நடத்தலாம் என்று ஆரம்பிக்கிற ஆசிரியர்களின் வகுப்பு பெரும்பாலும் ஒரே மாதிரிதான் போகிறது. பாட்டு ஓடுகிறது, கோடிட்ட இடங்களை நிரப்புகிறார்கள், விடை சொல்லியாகிறது, எல்லோரும் சேர்ந்து ஒரு தடவை பாடுகிறார்கள், மணி அடித்துவிடுகிறது. பிள்ளைகளுக்கு ஒரே சந்தோஷம். ஆனால் அந்த நாற்பது நிமிஷத்தில் ஒருவர்கூடத் தன் சொந்த வாக்கியம் ஒன்றை ஆங்கிலத்தில் வாய்விட்டுச் சொல்லியிருக்க மாட்டார். இந்த வழிகாட்டி அந்த ஓட்டையை அடைப்பதற்காகத்தான். பாதி நேரம் பாட்டுக்கு, பாதி நேரம் பாட்டை விட்டு வெளியே வந்து பேசுவதற்கு. இந்தக் கணக்கை மட்டும் எக்காரணம் கொண்டும் மாற்றாதீர்கள்.

எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்கும் பிள்ளைகள், கல்லூரி முதலாண்டு, ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்கு வருகிற பெரியவர்கள், இந்த மூன்று கூட்டத்துக்கும் இது பொருந்தும். ஒரு பாட்டுக்கு இரண்டு பீரியட் வேண்டும். ஒரே பீரியடில் முடிக்கப் பார்த்தால் முதலில் வெட்டுப்படுவது பேச்சுதான், அதனால் இரண்டு பீரியட் கிடைக்காத வாரத்தில் ஆரம்பிக்கவே வேண்டாம்.

1. முதலில் இலக்கணம், அப்புறம்தான் பாட்டு

உங்களுக்குப் பிடித்த பாட்டை எடுத்துக்கொண்டு அதில் என்ன இலக்கணம் இருக்கிறது என்று தேடினால் எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் இருக்கும், எதுவும் உருப்படியாக இருக்காது. தலைகீழாகப் போங்கள். இந்த வாரம் பிள்ளைகளின் வாயில் எந்த அமைப்பு வரவேண்டும் என்று முடிவு செய்துவிட்டு அதற்கான பாட்டைத் தேடுங்கள். ஒரு பாட்டுக்கு ஒரு இலக்கணம். மிஞ்சிப்போனால் கூடவே ஒட்டிக்கொண்டு வருகிற ஒன்று.

பாட்டு தேறுமா என்று பார்க்க நான்கு கேள்வி போதும். அந்த அமைப்பு பாட்டில் ஐந்தாறு தடவையாவது வருகிறதா? பாடகரின் உச்சரிப்பு வாத்தியங்களுக்கு மேலே எழுந்து கேட்கிறதா? கதை மாதிரி ஏதாவது நடக்கிறதா? உங்கள் வகுப்பின் வயதுக்கும் வீட்டுச் சூழலுக்கும் ஒத்துவருமா? நான்கில் ஒன்று தவறினாலும் விட்டுவிடுங்கள், வேறு பாட்டு கிடைக்காமல் போகாது.

நம் வகுப்புகளுக்கு ஒத்துவருகிற சிலவற்றைச் சொல்கிறேன். எதிர்காலத்தைப் பற்றி ‘வில்’ வைத்துக் கேள்வி கேட்க, 1956இல் டோரிஸ் டே பாடிய ‘கே செரா செரா’. பிரசன்ட் பெர்ஃபெக்ட் டென்ஸுக்கு, கிரீடன்ஸ் கிளியர்வாட்டர் ரிவைவல் குழுவின் 1971ஆம் வருஷத்துப் பாட்டு ‘ஹேவ் யூ எவர் சீன் தி ரெய்ன்’. தலைப்பே மாதிரி வாக்கியம். அதோடு முதல் வரியில் ‘லாங் அகோ’ என்று சிம்பிள் பாஸ்ட்டும் வருவதால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டலாம். நடக்கக்கூடிய நிபந்தனைக்கு, அதாவது ‘இஃப்’ போட்டு ‘வில்’ வருவதற்கு, புரூனோ மார்ஸின் ‘கவுன்ட் ஆன் மி’ (2010). நட்பைப் பற்றிய பாட்டு என்பதால் பள்ளியில் எந்தச் சங்கடமும் இல்லை. நடக்காததைக் கற்பனை செய்கிற நிபந்தனைக்கு, பியான்சேயின் ‘இஃப் ஐ வேர் எ பாய்’ (2008). இது காதலில் ஏமாந்த பெண்ணின் பாட்டு, கல்லூரிக்குச் சரி. பள்ளியில் என்றால் சில வரிகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பிரசன்ட் கன்டினியூவஸுக்கு சுசான் வேகாவின் ‘டாம்ஸ் டைனர்’ பிரமாதமாகப் பொருந்தும். காபி கடையில் உட்கார்ந்துகொண்டு கண்ணில் படுவதையெல்லாம் வரிசையாகச் சொல்லிக்கொண்டே போகிறார். வாத்தியமே கிடையாது, வெறும் குரல். ஆனால் தேடும்போது 1990இல் தாளம் சேர்த்து வெளிவந்த ரீமிக்ஸ்தான் பல நேரம் முதலில் வந்து நிற்கும். நமக்கு வேண்டியது 1987 ஆல்பத்தில் இருக்கிற மூலப்பாட்டு.

எரிக் கிளாப்டனின் ‘டியர்ஸ் இன் ஹெவன்’ பாட்டும் ‘இஃப்’, ‘வுட்’ நடத்த நிறையப் பேர் எடுக்கிறார்கள். நாலு வயது மகனைப் பறிகொடுத்த தகப்பனின் பாட்டு அது. சமீபத்தில் வீட்டில் சாவு பார்த்த பிள்ளை யாராவது வகுப்பில் இருக்கிறார்களா என்று விசாரிக்காமல் அதை எடுக்காதீர்கள்.

இலக்கணம் மீறிய பாட்டுகள் தனி ரகம். ரோலிங் ஸ்டோன்ஸின் ‘சாட்டிஸ்ஃபேக்‌ஷன்’ (1965) இரட்டை எதிர்மறையில்தான் நிற்கிறது. அதே வருஷத்து பீட்டில்ஸ் பாட்டு ‘டிக்கெட் டு ரைடு’ பாட்டில் ‘ஷி’க்குப் பின்னால் ‘டோன்ட்’ வருகிறது. அங்கே பேசுகிறவர்கள் வாயில் அது இயல்பான பேச்சு, தப்பு என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் ‘டஸ்’ எங்கே ‘டூ’ எங்கே என்று தடுமாறிக்கொண்டிருக்கிற பிள்ளைக்கு இதை முதலில் கொடுத்தால் அதுதான் காதில் தங்கும், பரீட்சையிலும் அதையே எழுதிவைக்கும். இலக்கணம் கைவந்தவர்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி வரும் படிகளை ‘கே செரா செரா’வை வைத்தே சொல்கிறேன்.

2. முந்தின நாள் செய்து வைக்க வேண்டியது

வரிகளை இணையத்திலிருந்து எடுத்து அப்படியே ஜெராக்ஸ் போடாதீர்கள். அந்தத் தளங்களில் காதில் விழுந்ததை யாரோ எழுதிவைத்த பிழைகள் நிறைய உண்டு. ஹெட்போன் மாட்டிக்கொண்டு வரிக்கு வரி நீங்களே சரிபார்த்துவிடுங்கள். அப்படிக் கேட்கும்போதுதான் எங்கே சொற்கள் ஒட்டிக்கொள்கின்றன, எங்கே பிள்ளைகள் தடுக்கி விழுவார்கள் என்பது உங்களுக்கே தெரியவரும்.

கோடிட்ட இடம் எட்டுக்கு மேல் போகக் கூடாது. அடுத்தடுத்த இரண்டு சொல்லை நீக்காதீர்கள், முதலாவதை எழுதி முடிப்பதற்குள் இரண்டாவது ஓடிவிடும். எந்தச் சொல்லை நீக்குவது என்பதில்தான் புதியவர்கள் அதிகம் தவறுகிறார்கள். அழகான பெயர்ச்சொல், புதுச்சொல் என்று பார்த்து நீக்கிவிடுகிறார்கள். நீங்கள் நடத்தப்போவது இலக்கணம் என்றால் இலக்கணம் இருக்கிற இடத்தில்தான் கோடு விழ வேண்டும். இந்தப் பாட்டில் ‘வில்’, ‘ஆஸ்க்ட்’, ‘ஆஸ்க்’, ‘செட்’, ‘டெல்’ இந்த ஐந்தும் கட்டாயம். எதிர்காலம் நம் கண்ணுக்குத் தெரியாது என்று வருகிற வரியில் ‘ஃப்யூச்சர்’ என்பதோடு ஒட்டியிருக்கும் ‘இஸ்’ஸையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த ‘ஸ்’ ஒலியைப் பலர் ‘எதிர்காலத்தினுடைய’ என்று எடுத்துக்கொள்வார்கள், பேசித் தெளிய வைக்க நல்ல இடம்.

ஐம்பது பேர் இருக்கிற வகுப்பில் ஆளுக்கொரு தாள் கட்டுப்படியாகாது. பெஞ்சுக்கு ஒரு தாள் போதும், சொல்லப்போனால் அதுதான் நல்லது, பேசிவைத்து எழுத வேண்டியிருக்கும். அதற்கும் வழியில்லை என்றால் வகுப்புக்கு முன்பே போர்டில் எழுதி ஒரு சார்ட்டால் மறைத்துவிடுங்கள். பாடம் நடத்துவதற்காக ஆசிரியரோ மாணவரோ ஒரு படைப்பைப் படியெடுத்துக்கொள்ள 1957ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆவது பிரிவு இடம் தருகிறது. அது வகுப்பறைக்கான சலுகை. அதே தாளைப் பொதுக் குழுக்களில் ஏற்றிப் பரப்புவதை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

பாட்டை போனில் ஆஃப்லைனில் வைத்திருங்கள். நெட் நின்றுபோவது ஒரு பக்கம், நடுவில் விளம்பரம் புகுந்தால் வகுப்பே கலைந்துவிடும். சார்ஜ் ஏற்றிய ப்ளூடூத் ஸ்பீக்கர் இருந்தால் கரன்ட் போனாலும் கவலையில்லை. ஸ்பீக்கரை வைத்துவிட்டு, மின்விசிறி எல்லாம் ஓடும்போது கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்து ஒரு தடவை கேளுங்கள். அங்கே சொற்கள் பிரிந்து கேட்கவில்லை என்றால் ஸ்பீக்கரை மேஜையிலிருந்து எடுத்து வகுப்பின் நடுவில் ஒரு ஸ்டூலில் வையுங்கள். பக்கத்து வகுப்பு ஆசிரியரிடமும் தலைமையாசிரியரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுவது உங்களுக்கும் நல்லது, பாட்டுக்கும் நல்லது.

3. முதல் தடவை கேட்பது: கையில் எதுவும் கூடாது

தாளை முதலில் கொடுத்துவிட்டால் காது வேலை செய்யாது. கண் முந்திக்கொண்டு படித்துவிடும், அப்புறம் பாட்டு வெறும் பின்னணிச் சத்தம்தான். அதனால் முதல் தடவை மேஜை காலியாக இருக்கட்டும், பேனாகூட வேண்டாம்.

போடுவதற்கு முன்னால் இரண்டே கேள்வி கேளுங்கள். இந்தப் பாட்டில் யார் யாரிடம் கேட்கிறார்கள்? கேட்கிறவருக்கு எல்லா இடத்திலும் ஒரே வயதா? கேள்வி இல்லாமல் போட்டால் மெட்டை ரசிப்பார்கள், கேள்வி இருந்தால் ஆளைத் தேடுவார்கள். பதிலைத் தமிழில் சொன்னாலும் பரவாயில்லை. சின்னப் பெண் அம்மாவிடம் கேட்கிறாள், வளர்ந்தபின் காதலனிடம் கேட்கிறாள், கடைசியில் அவளுடைய பிள்ளைகள் அவளிடம் கேட்கிறார்கள். இது பிடிபட்டால் முதல் கேட்பின் வேலை முடிந்தது.

இந்தப் பாட்டுக்கு நமக்கென்று ஒரு குறுக்குவழி இருக்கிறது. 1957இல் வந்த ‘ஆரவல்லி’ படத்தின் ‘சின்னப் பெண்ணான போதிலே’ இதே மெட்டில் அமைந்தது, அதிலும் பெண் தன் தாயிடம்தான் கேட்கிறாள். தமிழ்ப் பாட்டை அரை நிமிஷம் முதலில் போட்டுவிட்டு ஆங்கிலப் பாட்டுக்குப் போனால் மெட்டு புதுசாக இருக்காது, காது முழுக்கச் சொற்கள் பக்கம் திரும்பும். வீட்டில் பாட்டியிடம் பாடிக் காட்டச் சொல்லுங்கள், அவருக்கும் தெரிந்திருக்க வாய்ப்பு அதிகம்.

புதுச்சொற்களைப் பட்டியல் போட்டு அர்த்தம் எழுதிவிட்டு அப்புறம் பாட்டைப் போடுகிற பழக்கம் வேண்டாம். இல்லாவிட்டால் கதையே புரியாது என்கிற இரண்டு மூன்று சொல்லை மட்டும் சொல்லிவிட்டு மிச்சத்தை அவர்கள் ஊகத்துக்கு விடுங்கள்.

4. இரண்டாம், மூன்றாம் தடவை: கோடிட்ட இடம்

இப்போது தாள். வரி முடிகிற இடத்தில் நிறுத்துங்கள், வரிக்கு நடுவில் நிறுத்தாதீர்கள். நடுவில் நிறுத்தினால் ஒட்டிக்கொண்டு வருகிற ஒலிகள் உடைந்துபோகும், பிள்ளைகள் பழக வேண்டியதே அந்த ஒட்டலைத்தான். உதாரணத்துக்கு, பாட்டில் ‘வில் ஐ’ என்று இரண்டு சொல்லாக வராது. நம் காதுக்கு அது ‘விலை’ என்றுதான் கேட்கும். முன்வரிசைப் பிள்ளைகளே அங்கே விழிப்பார்கள். விடையைச் சொல்லிவிடாமல் அந்த இடத்தை இரண்டு மூன்று தடவை திருப்பிப் போட்டு, ‘இது ஒரு சொல்லா, இரண்டா?’ என்று மட்டும் கேளுங்கள். ‘ல்’லில் முடிகிற சொல்லும் உயிரில் தொடங்குகிற சொல்லும் சேர்ந்ததை அவர்களே பிரித்துச் சொல்வார்கள். தமிழ்ப் பாடத்தில் மெய்யோடு உயிர் புணர்வதைப் படித்த பிள்ளைகள்தானே.

வேகத்தைக் குறைக்க வேண்டியிருந்தால் 0.75 வரை போகலாம். அதற்கும் கீழே போனால் குரல் இழுபட்டு உயிர் ஒலிகள் கெட்டுவிடும்.

இரண்டாம் தடவை முடிந்ததும் பெஞ்சில் பக்கத்திலிருப்பவரோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். மூன்றாம் தடவை, சண்டை இருக்கிற இடத்துக்கு மட்டும். அதற்கப்புறம் விடை. நாலாவது தடவை இதே வேலைக்காகப் போட்டால் சலித்துவிடும்.

5. இலக்கணத்தை அவர்களே பிடிக்கட்டும்

போர்டை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். இடது பக்கம் பாட்டில் வருகிற கேள்விகள்: ‘வாட் வில் ஐ பி’, ‘வில் ஐ பி ரிச்’. வலது பக்கம் நீங்கள் சொந்தமாக எழுதுகிற சாதாரண வாக்கியம்: ‘ஐ வில் பி ரிச்’. என்ன இடம் மாறியிருக்கிறது என்று கேட்டுவிட்டுப் பொறுமையாக இருங்கள். ‘வில்’ முன்னால் வந்துவிட்டது என்று யாராவது சொல்லாமல் இருக்க மாட்டார்கள். அப்போதுதான் காரணத்தைச் சொல்ல வேண்டும். தமிழில் கேள்வி கேட்க வாக்கியத்தைக் கலைக்க வேண்டியதில்லை. ‘நீ வருவாய்’ என்பதற்கு வாலில் ஓர் ‘ஆ’ சேர்த்தால் ‘நீ வருவாயா’ ஆகிவிடும். அந்தப் பழக்கத்தில்தான் ‘யூ வில் கம்?’ என்று குரலை மட்டும் உயர்த்தி நாம் கேட்டுவிடுகிறோம். ஆங்கிலத்தில் துணைவினை எழுவாய்க்கு முன்னால் தாவியாக வேண்டும். இவ்வளவுதான் விதி, இதற்கு மேல் போர்டில் எழுத வேண்டாம்.

‘வாட்டெவர் வில் பி’ என்று வரும் இடத்தைக் காட்டி, இங்கே மட்டும் ஏன் எதுவும் இடம் மாறவில்லை என்று விவரமான பிள்ளை ஒன்று கேட்கும். அது கேள்வியே இல்லை, நடப்பது நடக்கும் என்று சொல்கிறாள், அதனால் மாறாது என்று சொல்லிவிட்டு நகருங்கள்.

கூடவே வருகிற இரண்டாவது விஷயம் இந்தப் பாட்டின் பெரிய லாபம். முதல் இரண்டு சரணத்தில் ‘ஆஸ்க்ட்’, மூன்றாவதில் ‘ஆஸ்க்’. முதலில் அம்மா சொன்னதற்கு ‘செட் டு மி’, கடைசியில் இவள் சொல்வதற்கு ‘டெல் தெம்’. பழைய கதை இறந்த காலத்தில் போகிறது, பிள்ளைகள் பெற்ற இப்போதைய கதை நிகழ்காலத்தில். ‘செட்’ வந்தால் ஆளுக்கு முன்னால் ‘டு’ வேண்டும், ‘டெல்’லுக்கு வேண்டாம். ‘ஹி செட் மி’ என்று நம் ஊரில் பட்டம் வாங்கியவர்கள்கூடச் சொல்கிறார்கள், ஏனென்றால் ‘என்னிடம் சொன்னான்’, ‘எனக்குச் சொன்னான்’ இரண்டுக்கும் நமக்கு ஒரே வினைதான். விதியாகச் சொன்னால் மறந்துபோகும். மெட்டோடு ‘செட் டு மி’ காதில் ஏறிவிட்டால் ‘டு’ இல்லாமல் சொல்லும்போது பிள்ளைக்கே இடிக்கும்.

இந்தப் படிக்குப் பத்து நிமிஷத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். முதல் பீரியட் இங்கே முடியட்டும்.

6. பாடுவதற்கு முன்னால் பேசச் சொல்லுங்கள்

இரண்டாம் பீரியட் தொடங்கியதும் பிள்ளைகள் பாடத் தயாராக இருப்பார்கள். கொஞ்சம் தடுத்து நிறுத்துங்கள். மெட்டு இருக்கும்போது அழுத்தம் மெட்டின் இஷ்டத்துக்கு விழும், பேச்சில் விழுகிற இடம் வேறாக இருக்கலாம். அதனால் முதலில் இசை இல்லாமல் வரிகளைப் பேச்சாகச் சொல்ல வையுங்கள்.

தமிழில் ஒவ்வோர் அசைக்கும் நாம் ஏறக்குறைய சம மரியாதை கொடுக்கிறோம். ஆங்கிலத்தில் கருத்தைத் தாங்குகிற சொல் அழுந்தும், ‘வாஸ்’, ‘டு’, ‘மை’ போன்ற சின்னச் சொற்கள் அமுங்கி ஓடிவிடும். இதை விளக்கிப் புரிய வைப்பது கஷ்டம், கையைத் தட்டிப் புரிய வைப்பது சுலபம். அழுத்தம் விழுகிற சொல்லில் மட்டும் பெஞ்சைத் தட்டச் சொல்லுங்கள். ‘ஐ ஆஸ்க்ட் மை மதர்’ என்பதில் இரண்டே தட்டு: ‘ஆஸ்க்ட்’டில் ஒன்று, ‘மதர்’ரில் ஒன்று. நாலு தட்டு தட்டுகிற பெஞ்சைத் திரும்பத் தட்ட வையுங்கள்.

‘ஆஸ்க்ட் மை’ என்கிற இடத்தில் மெய்கள் குவிந்து நாக்கு சிக்கும். உடனே நம் பிள்ளைகள் ‘ஆஸ்க்கெடு மை’ என்று உயிரைச் செருகிக்கொள்வார்கள். பின்னாலிருந்து கட்டுங்கள்: முதலில் ‘மதர்’, அப்புறம் ‘மை மதர்’, அப்புறம் ‘ஆஸ்க்ட் மை மதர்’, கடைசியில் முழு வரி. வேகமாகப் பேசும்போது ஆங்கிலேயர்களே ‘க்’கை விழுங்கி ‘ஆஸ்ட்’ என்றுதான் பல நேரம் சொல்கிறார்கள், அதைச் சொல்லிக்கொடுத்தால் பாதிச் சிக்கல் தீர்ந்தது. ‘ரிச்’ என்பது ‘ரிச்சு’ ஆகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சொல் முடிந்ததும் வாயை மூடு என்று சொன்னாலே போதும்.

பேச்சு ஓரளவு படிந்தபிறகு பாடலாம். நீங்கள் நன்றாகப் பாட வேண்டும் என்ற அவசியமே இல்லை, ஸ்பீக்கர் பாடும். ஆனால் யாரையும் தனியாக எழுப்பிப் பாடச் சொல்லாதீர்கள். குரல் உடைகிற வயதுப் பையன்கள் அதற்குப் பயந்தே அடுத்த பாட்டு வகுப்புக்கு லீவு போட்டுவிடுவார்கள். பாடாமல் உதட்டை மட்டும் அசைக்கிறவர்களையும் விட்டுவிடுங்கள், அவர்கள் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

7. பாட்டை மூடிவிட்டுப் பேச வைப்பது

எல்லாப் படியும் இதற்காகத்தான். இதற்குக் குறைந்தது இருபத்தைந்து நிமிஷம் ஒதுக்குங்கள். மூன்று கட்டமாகப் போக வேண்டும், கட்டம் தாண்டிக் குதித்தால் வாய் அடைத்துப்போகும்.

முதல் கட்டம், சொல் மாற்றுவது. பாட்டின் கேள்வியை வைத்துக்கொண்டு கடைசிச் சொல்லை மட்டும் அவர்கள் வாழ்க்கையிலிருந்து போட வேண்டும். ‘வில் ஐ பி எ நர்ஸ்?’, ‘வில் ஐ பி டால்?’ இப்படி. அப்புறம் வினையையும் மாற்றச் சொல்லுங்கள்: ‘வில் ஐ பாஸ் மேத்ஸ்?’, ‘வில் இட் ரெய்ன் டுமாரோ?’, ‘வில் அவர் டீம் வின்?’. நோட்டில் ஐந்து கேள்வி எழுதிக்கொள்ளட்டும். வெறும் கையோடு பேசச் சொன்னால் பாதிப் பேர் மௌனமாகிவிடுவார்கள், கையில் ஐந்து கேள்வி இருந்தால் அந்தப் பயம் இருக்காது.

இரண்டாம் கட்டம், ஜோடியாகக் கேட்டுப் பதில் சொல்வது. வெறும் ‘யெஸ்’, ‘நோ’ செல்லாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், பின்னால் ஒரு காரணம் ஒட்ட வேண்டும். ‘வில் ஐ கெட் எ ஜாப் இன் சென்னை?’ என்று ஒருத்தி கேட்டால், ‘யெஸ், யூ வில், பட் யூ வில் மிஸ் யுவர் மதர்ஸ் தோசை’ என்று பதில் வரும்போது வகுப்பே நிமிர்ந்து உட்காரும். அந்தப் பதிலில் பாட்டு துளிக்கூட இல்லை, ஆனால் அமைப்பு அச்சாக வந்திருக்கிறது. ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை ஜோடியை மாற்றுங்கள். அதே கேள்வியைப் புது ஆளிடம் கேட்கும்போது இரண்டாம் தடவை நோட்டைப் பார்க்க மாட்டார்கள், மூன்றாம் தடவை வேகம் வந்துவிடும்.

மூன்றாம் கட்டம், நோட்டை மூடிவிட்டு நடந்ததைச் சொல்வது. ‘ஐ ஆஸ்க்ட் மை ஃப்ரெண்ட்...’ என்று ஆரம்பித்து, தான் என்ன கேட்டேன், அவள் என்ன சொன்னாள் என்று புது ஜோடியிடம் ஒரு நிமிஷம் சொல்ல வேண்டும். கேட்ட கேள்வியையும் பதிலையும் பாட்டில் வருகிற மாதிரி அப்படியே எடுத்துச் சொன்னால் போதும். ‘இஃப்’, ‘வெதர்’ போட்டு மாற்றிச் சொல்வதெல்லாம் வேறொரு நாள் பாடம். ‘செட் டு மி’ இங்கேதான் சோதனைக்கு வருகிறது.

வேறு பாட்டு எடுத்தாலும் இதே மூன்று கட்டம்தான், கேள்விதான் மாறும். ‘ஹேவ் யூ எவர் சீன்’ பாட்டுக்கு ‘ஹேவ் யூ எவர் சீன் எ யானை’ என்று தமிழைக் கலந்து ஆரம்பித்தாலும் சரி, ஆனால் ‘யெஸ்’ என்று பதில் வந்ததும் அடுத்த கேள்வி ‘வென் டிட் யூ ஸீ இட்?’ என்று சிம்பிள் பாஸ்ட்டுக்குத் தாவியாக வேண்டும். இது கட்டாயம். தமிழில் ‘போன வருஷம் பார்த்திருக்கிறேன்’ என்பது ஒரு குறையும் இல்லாத வாக்கியம். அதையே ஆங்கிலத்துக்கு எடுத்துப் போனால் ‘ஐ ஹேவ் சீன் இட் லாஸ்ட் இயர்’ என்று தவறாகிவிடும். தேதியோ நேரமோ வாயில் வந்தால் ‘ஹேவ்’ போய்விட வேண்டும் என்பதைக் கேள்வி பதிலிலேயே பழக்குவதற்குத்தான் இந்தத் தாவல்.

‘இஃப் ஐ வேர்’ பாட்டுக்கு, ‘இஃப் ஐ வேர் தி ஹெட்மாஸ்டர்’ என்று ஆரம்பித்து விடுங்கள், அப்புறம் நிறுத்துவதுதான் உங்கள் வேலை. அங்கே ‘இஃப்’ பக்கம் ‘வுட்’ வராமல் மட்டும் கவனியுங்கள். பாட்டில் ‘ஐ வுட்’ என்பது ‘ஐட்’ என்று சுருங்கிக் காதில் விழாமலே போகும், அதனால் இரண்டாம் படியில் தாள் தயாரிக்கும்போதே அந்த இடத்துக்குத்தான் கோடு போட்டிருக்க வேண்டும்.

8. திருத்துவது எப்போது

ஜோடிகள் பேசும்போது நடுவில் புகுந்து திருத்தாதீர்கள். ஒரு தடவை வெட்டுப்பட்ட பிள்ளை அப்புறம் பிழை வராத சின்னச் சின்ன வாக்கியமாகவே பேசிக்கொண்டு தப்பித்துக்கொள்ளும். கையில் ஒரு துண்டுத்தாளோடு வரிசைகளுக்கு நடுவில் நடந்து காதில் விழுவதைக் குறித்துக்கொள்ளுங்கள். கடைசி ஐந்து நிமிஷத்தில், யார் சொன்னது என்று சொல்லாமல், ஐந்தாறு வாக்கியத்தை போர்டில் எழுதி வகுப்பையே திருத்தச் சொல்லுங்கள். அதில் ஒன்றிரண்டு சரியான வாக்கியமும் இருக்கட்டும், எல்லாமே தப்பு என்று தெரிந்தால் யோசிக்காமலே மாற்றிவிடுவார்கள்.

அன்றைக்கு நடத்திய அமைப்பை மட்டும் திருத்துங்கள். ‘தி’ விட்டுப்போனது, பன்மையில் ‘ஸ்’ விட்டுப்போனது எல்லாம் இன்றைக்குக் கண்ணில் படக் கூடாது. எல்லாவற்றையும் திருத்தினால் எதுவுமே மனதில் நிற்காது.

9. அடுத்த வாரம்

மெட்டு தானாகத் தலைக்குள் சுற்றிக்கொண்டிருக்கும், அமைப்பு அப்படியில்லை, விட்டால் போய்விடும். ஒரு வாரம் கழித்துப் பாட்டைப் போடாமலே, வகுப்பு தொடங்கும்போது ஜோடியாக இரண்டு நிமிஷம் ‘வில்’ கேள்வி கேட்கச் சொல்லுங்கள். தடுமாறினால் பல்லவியை மட்டும் ஒரு தடவை போட்டுவிட்டு மறுபடி கேட்கச் சொல்லுங்கள். முடிந்தால் போனில் ஒரு நிமிஷப் பேச்சைப் பதிவு செய்து அந்தப் பிள்ளைக்கே போட்டுக் காட்டிவிட்டு அழித்துவிடுங்கள். தன் குரலைக் கேட்கும்போது ‘ரிச்சு’வை யாரும் சொல்லாமலே பிடித்துவிடுவார்கள்.

10. பிள்ளைகளே பாட்டு கொண்டுவந்தால்

கட்டாயம் கொண்டுவருவார்கள், வேண்டாம் என்று சொல்லாதீர்கள். முதலாம் படியில் சொன்ன நான்கு கேள்வியை அவர்களிடமே கொடுத்து, அதற்குப் பதில் எழுதிக்கொண்டு வந்தால் பரிசீலிக்கலாம் என்று சொல்லுங்கள். எந்த இலக்கணம், எத்தனை தடவை வருகிறது என்று அவர்கள் தேடுகிற வேலையே ஒரு பாடத்துக்குச் சமம். ராப் பாட்டுகள் பெரும்பாலும் வேகத்திலேயே அடிபட்டுவிடும். வீடியோவைக் காட்டாமல் ஒலியை மட்டும் போடுங்கள், வரிகளில் இல்லாத சங்கதி வீடியோவில் இருக்கும், பெற்றோர் கேள்வி கேட்பது அதை வைத்துத்தான். ‘கானா’, ‘வானா’ என்று பாட்டில் வந்தால் அது ‘கோயிங் டு’, ‘வான்ட் டு’ என்று விரித்துக் காட்டி, பேச்சில் சொல்லலாம், பரீட்சைத் தாளில் எழுதக் கூடாது என்று அங்கேயே சொல்லிவிடுங்கள்.

பாட்டு முழுவதையும் வரிக்கு வரி தமிழில் மொழிபெயர்த்துத் தரச் சொல்லிக் கேட்பார்கள். கதையை நாலு வாக்கியத்தில் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள், மொழிபெயர்ப்பில் உட்கார்ந்தால் பேச்சுக்கான நேரம் அங்கேயே கரைந்துவிடும்.

ஒரு பருவத்துக்கு நாலு பாட்டு போதும், இரண்டுக்கும் நடுவில் இரண்டு வாரமாவது இடைவெளி வேண்டும். ‘வில்’ கேள்வியில் ஆரம்பித்து, பிரசன்ட் கன்டினியூவஸ், அப்புறம் ‘ஹேவ் யூ எவர்’, கடைசியில் ‘இஃப்’ என்று போனால் ஒவ்வொன்றிலும் முந்தின பாட்டில் பழகிய கேள்வி வரிசை உதவிக்கு வரும்.